பட்டம், சாவி, மின்னல்: பெஞ்சமின் பிராங்க்ளின் உண்மையில் என்ன செய்தார்?

ஸ்கூல் புத்தகத்தில் பார்த்த அந்தப் படம் ஞாபகம் இருக்கா? கொட்டும் மழை. நீளமான முடியோடு ஒரு பெரியவர். பக்கத்தில் அரை டிரவுசர் வயசில் ஒரு பையன். மேலே பட்டம், நூலில் ஒரு சாவி. பட்டத்தின் மேல் மின்னல் விழுகிறது, சாவியில் பொறி பறக்கிறது. கீழே ஒரு வரி: மின்சாரத்தைக் கண்டுபிடித்தார் பெஞ்சமின் பிராங்க்ளின்.

இதில் கிட்டத்தட்ட எல்லாமே தப்பு. அவர் மின்சாரத்தைக் கண்டுபிடிக்கவில்லை. அவர் கையில் அது கிடைப்பதற்கு முன்பே ஐரோப்பாவில் பணக்கார வீட்டு விருந்துகளில் மின்சாரத்தை வைத்து வித்தை காட்டிக்கொண்டிருந்தார்கள். 1752ல் அவருக்கு வயது 46தான், தாத்தா இல்லை. பக்கத்தில் இருந்த மகன் வில்லியமுக்கு ஏறக்குறைய 21 வயது. பட்டத்தின் மேல் மின்னல் விழவும் இல்லை. விழுந்திருந்தால் அமெரிக்க வரலாற்றில் இருந்து ஒரு பெயரை அங்கேயே அடித்துவிட்டிருக்கலாம்.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கு. அந்தப் பட்டம் பறந்ததா, இல்லையா? அதற்கு வருவோம். முதலில் ஆள் யாருன்னு பார்த்துடலாம்.

42 வயதில் ரிட்டயர்மென்ட்

1706 ஜனவரி 17, பாஸ்டன். சோப்பும் மெழுகுவத்தியும் செய்து விற்கும் ஜோசையா பிராங்க்ளினுக்கு 15வது குழந்தையாகப் பிறந்தார் பெஞ்சமின். இரண்டு மனைவிகள் மூலம் ஜோசையாவுக்கு மொத்தம் 17 பிள்ளைகள். பெஞ்சமினின் பள்ளிப் படிப்பு இரண்டே வருஷம். 10 வயதில் அப்பாவின் பட்டறை, 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகம். அண்ணனோடு ஒத்துப்போகாமல் 17 வயதில் ஃபிலடெல்ஃபியாவுக்கு ஓடிப்போனார்.

அங்கே அவர் செய்தது இன்றைய பாஷையில் மீடியா பிசினஸ். 1729ல் பென்சில்வேனியா கெஸட் பத்திரிகையை வாங்கினார். 1732ல் புவர் ரிச்சர்ட்ஸ் அல்மனாக் என்ற பஞ்சாங்கத்தைத் தொடங்கினார். நம்ம வீட்டுக் காலண்டர் மாதிரிதான், கிரகணம், வானிலை, நடுநடுவே பொன்மொழி. வருஷத்துக்கு 10,000 பிரதிகள் வரை விற்றது. 1748ல், 42 வயதில், அச்சகத்தைக் கூட்டாளி டேவிட் ஹாலிடம் ஒப்படைத்தார். 18 வருஷத்துக்கு லாபத்தில் பாதி அவருக்கு வரும் என்று ஒப்பந்தம். அந்தப் பணத்தில் கிடைத்த ஓய்வில்தான் ஆராய்ச்சி வளர்ந்தது.

அந்தப் பணத்தைப் பற்றியும் சொல்லணும். கெஸட்டில் அடிமைகளை விற்பதற்கும், தப்பி ஓடிய அடிமைகளைப் பிடிப்பதற்கும் விளம்பரங்கள் வந்தன. பிராங்க்ளின் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள். விஞ்ஞானியின் ஓய்வு நேரம் யாருடைய உழைப்பில் வந்தது என்பது அவருடைய வாழ்க்கைக் கதைக்கு வெளியே இருக்கும் விஷயம் இல்லை.

ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு ஜாடியும்

1740களின் நடுவில் லண்டன் வணிகர் பீட்டர் காலின்சன், ஃபிலடெல்ஃபியாவின் நூலகச் சங்கத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாயை அனுப்பிவைத்தார். துணியால் தேய்த்தால் பொறி வரும். தலையில் ஸ்கேலைத் தேய்த்து காகிதத் துண்டுகளை இழுத்திருக்கோமே, அதே சங்கதி, கொஞ்சம் பெரிய அளவில். அதே சமயத்தில் ஐரோப்பாவில் லெய்டன் ஜாடி வந்துவிட்டது. தேய்த்து உண்டாக்கும் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் கண்ணாடி ஜாடி அது. இன்றைய கெப்பாசிட்டரின் கொள்ளுத்தாத்தா.

பிராங்க்ளின் இதற்கு அடிமையாகவே ஆகிவிட்டார். எபனேசர் கின்னர்ஸ்லி, தாமஸ் ஹாப்கின்சன், ஃபிலிப் சிங் என்று நண்பர்கள் கூட்டம் ஒன்று சேர்ந்தது. கூர்மையான உலோக முனை மின்னூட்டத்தைச் சீக்கிரம் கசியவிடும் என்று முதலில் கவனித்தவர் ஹாப்கின்சன். நாம் பிராங்க்ளின் பெயரில் மட்டும் எழுதிவைத்திருக்கும் பல விஷயங்கள் இந்தக் குழுவின் வேலை.

1747 முதல் காலின்சனுக்கு அவர் எழுதிய கடிதங்கள்தான் உண்மையான சாதனை. அதுவரை மின்சாரத்தில் இரண்டு வகைத் திரவங்கள் இருப்பதாகப் பலர் நம்பினார்கள். பிராங்க்ளின், இல்லை, ஒன்றுதான் என்றார். அது கூடினால் பிளஸ், குறைந்தால் மைனஸ். தேய்ப்பதால் மின்சாரம் புதிதாக உருவாவதில்லை, ஒரு பொருளில் இருந்து இன்னொன்றுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். மின்னூட்டம் அழிவதில்லை என்ற விதியின் தொடக்கம் இது. பேட்டரி என்ற சொல்லையும் மின்சாரத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். வரிசையாக நிற்கும் பீரங்கிகளுக்கு இருந்த சொல்லை, வரிசையாக இணைத்த கண்ணாடித் தகடுகளுக்கு வைத்தார்.

எதற்கு பிளஸ், எதற்கு மைனஸ் என்று அவர் பெயர் வைத்தது குத்துமதிப்பாகத்தான். 1897ல் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தபோதுதான் வினை வெளியே வந்தது. நிஜமாக நகர்வது எதிர்மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான். ஆனா சர்க்யூட் வரைபடங்களில் கரன்ட் பிளஸில் இருந்து மைனஸுக்குத்தான் ஓடும். ட்ரிபிள்-இ, ஈசிஇ படித்தவர்கள் முதல் செமஸ்டரில் இதற்காகத் திட்டியிருப்பீர்கள். திட்டு போய்ச்சேர வேண்டிய முகவரி, ஃபிலடெல்ஃபியா.

எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. 1750 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு வான்கோழியை மின்சாரத்தால் கொன்று சமைக்கப் பார்த்தார். சுற்றி விருந்தாளிகள். பேச்சு சுவாரசியத்தில் இரண்டு பெரிய ஜாடிகளின் மின்னூட்டத்தையும் தன் உடம்பிலேயே இறக்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் நினைவே இல்லை. அதுக்கப்புறமும் அவர் நிறுத்தவில்லை.

காவல் கூண்டு

1749 நவம்பரில் தன் குறிப்பேட்டில் ஒரு பட்டியல் போட்டார். மின்பொறிக்கும் மின்னலுக்கும் என்னென்ன ஒற்றுமை? வெளிச்சம், நிறம், வளைந்து நெளிந்து பாய்வது, வேகம், உலோகத்தின் வழியே போவது, வெடிச்சத்தம், உயிர்களைக் கொல்வது, உலோகத்தை உருக்குவது, கந்தக வாசனை... ஒன்று மட்டும் தெரியவில்லை. கூர்முனை மின்பொறியை இழுக்கிறது. மின்னலையும் இழுக்குமா? சோதித்துப் பார்த்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார்.

1750ல் சோதனை முறையை எழுதி அனுப்பினார். உயரமான கோபுரத்தின் மேல் காவலாளி நிற்கும் கூண்டு மாதிரி ஒன்று. அதிலிருந்து 20, 30 அடி உயரத்துக்கு கூர்முனை உள்ள இரும்புக் கம்பி. கம்பியின் அடி, மின்சாரம் கடத்தாத பீடத்தின் மேல் நிற்கும். மேகம் மேலே போகும்போது கம்பியில் மின்னூட்டம் சேர்ந்து பொறி வந்தால், மின்னலும் மின்சாரமும் ஒன்று.

இந்த இடத்தை நல்லா கவனிங்க. சோதனைக்கான கம்பியைத் தரையோடு இணைக்கக் கூடாது. இணைத்தால் மின்னூட்டம் பூமிக்கு ஓடிவிடும், அளக்க எதுவும் இருக்காது. கட்டடத்தைக் காப்பாற்றும் இடிதாங்கிக் கம்பியைத் தரையோடு கட்டாயம் இணைக்கணும். பார்க்க இரண்டும் ஒரே கம்பி. ஒன்றில் பூமிதான் மின்னூட்டத்தை வாங்கிக்கொள்ளும். இன்னொன்றில் பக்கத்தில் நிற்கும் ஆள் வாங்கிக்கொள்ள வேண்டிவரும்.

கடிதங்கள் 1751ல் லண்டனில் புத்தகமாக வந்தன. பிரான்ஸில் இயற்கையியலாளர் பஃபோன் தூண்டுதலில் தாலிபார் அதை பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். மொழிபெயர்த்ததோடு நிற்காமல் பாரிஸுக்கு வடக்கே மார்லி என்ற ஊரில் 40 அடிக் கம்பியையும் நட்டார். 1752 மே 10 மதியம் இடிமேகம் வந்தபோது தாலிபார் ஊரில் இல்லை. காவலுக்கு விட்டுப்போயிருந்த கோய்ஃபியே என்ற முன்னாள் படைவீரர்தான் பித்தளைக் கம்பி செருகிய பாட்டிலை நீட்டி, முதல் பொறியை வாங்கினார். பிறகு ஊர்ப் பாதிரியாரைக் கூப்பிட ஆள் அனுப்பினார். ஆலங்கட்டி மழையில் பாதிரியார் தலைதெறிக்க ஓடுவதைப் பார்த்த ஊர்க்காரர்கள், கோய்ஃபியே செத்துவிட்டார் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடினார்கள். அவர் உயிரோடுதான் இருந்தார். மேகத்தில் மின்சாரம் இருக்கிறது என்பதை உலகத்தில் முதலில் நிரூபித்தவர் அவர்தான். எந்தப் பாடப் புத்தகத்திலும் அவர் படம் இல்லை.

சரி, பட்டம்?

ஃபிலடெல்ஃபியாவில் அப்போது அவ்வளவு உயரமான கோபுரம் இல்லை. கிறைஸ்ட் சர்ச் கோபுரம் இன்னும் கட்டி முடியவில்லை. அதற்குக் காத்திருக்காமல் பட்டத்தைப் பயன்படுத்தினார் என்பது கதை.

ஆதாரங்களை வரிசையாக வைத்துப் பார்ப்போம். முதல் ஆதாரம், 1752 அக்டோபர் 19 தேதியிட்ட கெஸட்டில் பிராங்க்ளினே எழுதிய சிறு குறிப்பு. பாரிஸில் வெற்றி பெற்ற சோதனை ஃபிலடெல்ஃபியாவிலும் வேறு சுலபமான முறையில் வெற்றி பெற்றதாகச் சொல்லிவிட்டு, செய்முறையைத் தருகிறார். சிலுவை மாதிரி இரண்டு குச்சி, அதில் பட்டுக் கைக்குட்டை, உச்சியில் கூரான கம்பி. சணல் நூல், அதன் முனையில் பட்டு ரிப்பன், இரண்டும் சேரும் இடத்தில் சாவி. நூலைப் பிடிப்பவர் கதவுக்கு உள்ளே, ரிப்பன் நனையாதபடி நிற்க வேண்டும். நனைந்த சணல் மின்சாரத்தைக் கடத்தும், காய்ந்த பட்டு கடத்தாது. சணலின் பிசிறுகள் விறைத்து நிற்கும், சாவிக்குப் பக்கத்தில் விரல் முட்டியைக் கொண்டுபோனால் பொறி வரும். மின்னல் விழவே வேண்டாம், மேகத்தின் மின்புலமே போதும்.

செய்முறை பக்காவாக இருக்கு. ஆனா யார் செய்தார், எந்த நாளில், எந்த இடத்தில் என்று ஒரு வார்த்தை இல்லை. நாள், மகன், கொட்டகை எல்லாம் வருவது இரண்டாவது ஆதாரத்தில்: 1767ல், அதாவது 15 வருஷம் கழித்து, ஜோசப் பிரீஸ்ட்லி எழுதிய மின்சார வரலாற்றில். அவர் பிராங்க்ளினின் நண்பர், விவரங்கள் பிராங்க்ளின் சொல்லித்தான் கிடைத்திருக்கும். ஜூன் மாதம் என்கிறார். அப்படியானால் மார்லி செய்தி கடல் தாண்டி வருவதற்கு முன்பே பட்டம் பறந்திருக்கிறது. இவ்வளவு பெரிய வெற்றியை, பத்திரிகையே சொந்தமாக வைத்திருந்த மனிதர் அக்டோபர் வரை ஏன் சொல்லவில்லை?

இதனால்தான் சோதனையே நடக்கவில்லை என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் நடந்தது என்றே ஏற்கிறார்கள். என் கணக்கில் நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். செய்யாத சோதனையில், ரிப்பன் நனையக் கூடாது, நூல் கதவுச் சட்டத்தில் படக் கூடாது மாதிரியான நுணுக்கங்கள் அவ்வளவு சுலபமாக வராது. ஆனா உலகின் மிகப் பிரபலமான அறிவியல் சோதனைகளில் ஒன்றுக்கு, அருகில் இருந்து பார்த்ததாகச் சொல்லப்படும் ஒரே சாட்சி செய்தவரின் மகன்.

அந்த மகனைச் சின்னப் பையனாக்கியது பிற்காலத்து ஓவியங்கள். 1876ல் கரியர் அண்ட் ஐவ்ஸ் நிறுவனம் அச்சிட்ட படம் அதில் முக்கியமானது. அதில் பிராங்க்ளின் நூலைச் சாவிக்கு மேலேயே கையால் பிடித்திருக்கிறார். அப்படிப் பிடித்தால் சாவிக்கு ஒன்றும் வராது, எல்லாம் கை வழியாகவே போய்விடும்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க், 1753 ஆகஸ்ட் 6

ஜார்ஜ் வில்ஹெல்ம் ரிச்மன் ரஷ்ய அறிவியல் அகாடமியின் பேராசிரியர். வீட்டுக் கூரையில் கம்பி, அதிலிருந்து அறைக்குள் சங்கிலி, முனையில் அவரே வடிவமைத்த மின்னூட்டம் அளக்கும் கருவி. ஒரு நூல் எவ்வளவு விலகுகிறது என்பதை வைத்து அளவு சொல்லும். பொறியை வேடிக்கை பார்ப்பது போதாது, எண்ணாக எழுத வேண்டும் என்று நினைத்தவர் அவர்.

அன்று அகாடமி கூட்டத்தில் இருந்தபோது இடிச்சத்தம் கேட்டது. கருவியைப் படமாக வரைவதற்காகச் செதுக்கோவியர் சோகலோவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். அளவைப் படிக்கக் குனிந்தார். ஒரு அடி தூரத்தில் இருந்து வெளிர்நீல நெருப்புப் பந்து அவர் நெற்றிக்குத் தாவியது. சத்தமே இல்லாமல் விழுந்தார். நெற்றியில் சிவப்புத் தழும்பு, கிழிந்த காலணி. கதவு பெயர்ந்து விழுந்திருந்தது. சோகலோவ் பிழைத்துக்கொண்டார். ரிச்மனுக்கு வயது 42.

அவர் கம்பி தரையோடு இணைக்கப்படவில்லை. அளக்கத்தானே வைத்தார்.

அதே நேரம் தன் வீட்டில் இதே மாதிரி சோதனையில் இருந்தவர் மிகயில் லமனோசவ். நண்பரின் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தார். அன்றே செல்வாக்குள்ள ஷுவாலவ் பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். ரிச்மன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் உதவித்தொகை கேட்டார். இந்தச் சாவை அறிவியலுக்கு எதிராகத் திருப்பிவிடுவார்களோ என்றும் கவலைப்பட்டார்.

பிராங்க்ளின் தப்பித்தது திறமையா, அதிர்ஷ்டமா? இரண்டும்தான். கூடுதலாக, அன்று அந்த மேகம் அவரை விட்டுவைத்தது.

மணி அடித்தவர்களும் அர்ஜுனனும்

நாம் இடி விழுந்தது என்கிறோம். விழுவது மின்னல்தான், இடி அதன் சத்தம். மின்னல் பாதையில் காற்று ஏறக்குறைய 30,000 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகி வெடித்து விரிவதால் வரும் ஓசை. பாட்டி வீட்டில் இடி இடித்தால் அர்ஜுனா, அர்ஜுனா என்று சொல்லச் சொல்வார்கள். ஐரோப்பாவில் அதற்கு சர்ச் மணி அடித்தார்கள். ஊரிலேயே உயரமான கோபுரம், உச்சியில் உலோக மணி, நனைந்த கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு மனிதர். 33 ஆண்டுகளில் 386 கோபுரங்களை மின்னல் தாக்கி, மணியடித்த 103 பேர் இறந்ததாக 1784ல் மியூனிக்கில் வெளியான ஒரு நூல் கணக்குக் கொடுத்தது. மின்னல் சாவுகளை எண்ணிப் பார்த்த ஆரம்பகால டேட்டாக்களில் இது ஒன்று.

பிராங்க்ளினின் தீர்வு 1753ம் வருஷப் பஞ்சாங்கத்தில் எல்லோருக்கும் புரியும்படி வந்தது. ஒரு இரும்புக் கம்பி. ஒரு முனை ஈரமண்ணில் 3, 4 அடி ஆழம். இன்னொரு முனை வீட்டின் உச்சிக்கு மேல் 6 முதல் 8 அடி, நுனியில் கூராக்கிய பித்தளைக் கம்பி. பேட்டன்ட் எடுக்கவில்லை.

தன் வீட்டில் வைத்த கம்பியில் இரண்டு மணிகளையும் கோத்துவிட்டார். மேகம் வந்தால் அது தானாக அடிக்கும். பிறகு அவர் வருஷக்கணக்கில் லண்டன் போய்விட, நடுராத்திரியில் அடிக்கும் அந்த மணியோடு வீட்டில் இருந்தவர் மனைவி டெபோரா. பயமாக இருக்கிறது என்று எழுதினார். இரண்டு மணிக்கும் நடுவே ஒரு கம்பியைக் கட்டிவிட்டால் சத்தம் வராது என்று லண்டனில் இருந்து டெக் சப்போர்ட் வந்தது.

எதிர்ப்பும் வந்தது. 1755ல் பாஸ்டனை நிலநடுக்கம் உலுக்கியபோது, வானத்து மின்சாரத்தைக் கம்பி வழியாக மண்ணுக்குள் இறக்கியதுதான் காரணம் என்றார் போதகர் தாமஸ் பிரின்ஸ். ஹார்வர்டு பேராசிரியர் ஜான் வின்த்ரோப் மறுத்து எழுதினார். பிரான்ஸில் செயின்ட் ஓமர் என்ற ஊரில் ஒருவர் வீட்டில் இடிதாங்கி வைத்ததற்கு அக்கம்பக்கத்தினர் பயந்து புகார் கொடுக்க, கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது. 1783ல் வழக்கை வென்று கொடுத்த இளம் வக்கீல் மாக்ஸிமிலியன் ரோபஸ்பியர். ஆமாம், பத்து வருஷம் கழித்துப் பிரெஞ்சுப் புரட்சியில் ஆயிரக்கணக்கானோரை கில்லட்டினுக்கு அனுப்பிய ஆட்சியின் முகமாக இருந்த அதே ஆள்.

இங்கிலாந்தில் சண்டை வேறு மாதிரி. நுனி கூராக இருக்கணுமா, மழுங்கலா? கூர்தான் என்றார் பிராங்க்ளின். மழுங்கல்தான் என்றார் பெஞ்சமின் வில்சன். அமெரிக்கப் போர் மூண்ட பிறகு, கலகக்காரன் பிராங்க்ளினின் கூர்முனை மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குப் பிடிக்கவில்லை. அரசியல் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனா இதன் முடிவு வேறு. நியூ மெக்சிகோவில் சார்ல்ஸ் மூர் குழு மலை உச்சியில் ஏழு வருஷம் இரண்டு வகைக் கம்பிகளையும் நட்டுவைத்துப் பார்த்தது. மழுங்கல் கம்பிகளில் 12 முறை மின்னல் விழுந்தது. கூர்முனைக் கம்பிகளில் ஒருமுறைகூட இல்லை. மேகத்தின் மின்னூட்டத்தைக் கூர்முனை அமைதியாக வடித்துவிடும் என்ற பிராங்க்ளினின் முதல் எண்ணமும் சரியில்லை. கம்பி மின்னலைத் தடுப்பதில்லை. வரும் மின்னலுக்குப் பத்திரமான பாதை கொடுக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பாதை கட்டடத்தோடு முடிந்துவிடுகிறது என்பதுதான் இந்தியாவின் பிரச்சினை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ல் இயற்கைச் சீற்றங்களால் இறந்த 8,060 பேரில் 2,887 பேர் மின்னலால் இறந்தவர்கள். அதாவது 35.8 சதவீதம். வெள்ளம், வெயில், குளிர் எதுவும் இந்த அளவுக்கு வரவில்லை. மத்தியப் பிரதேசம், பீகார், ஒடிசா மாதிரியான மாநிலங்களில் வயலில் நிற்பவர்களும், மழைக்கு மரத்தடியில் ஒதுங்குபவர்களும் அதிகம் சாகிறார்கள். நம்ம ஐடி பார்க் மொட்டைமாடியில் இருக்கும் கம்பி அவர்களுக்கு உதவாது. புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலி, பக்கத்தில் மின்னல் ஆபத்து இருந்தால் முன்கூட்டியே எச்சரிக்கும். போன் கையில் இருந்து, சிக்னலும் இருந்தால்.

மகன் இருந்த பக்கம்

1753ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் கொடுத்தது. பள்ளிக்கூடமே சரியாகப் போகாதவருக்கு ஹார்வர்டும் யேலும் பட்டம் கொடுத்தன. மின்னலை அடக்கியவர் என்ற புகழ்தான் பின்னால் பிரெஞ்சு அரசவைக் கதவுகளைத் திறந்தது. 1776 சுதந்திரப் பிரகடனம், 1778 பிரான்ஸோடு கூட்டணி, 1783 பாரிஸ் ஒப்பந்தம், 1787 அரசியல் சாசனம்: நான்கிலும் கையெழுத்திட்ட ஒரே ஆள் அவர்தான். இந்தப் பகுதி எல்லா இடத்திலும் கிடைக்கும், விட்டுவிடலாம்.

அதிகம் சொல்லப்படாதது வீட்டுக்குள் நடந்தது. டெபோரா 1774ல் இறந்தபோது அவர் லண்டனில் இருந்தார். பத்து வருஷமாக மனைவியைப் பார்க்கவில்லை. 1757ல் அவரும் வில்லியமும் இங்கிலாந்து போனபோது பீட்டர், கிங் என்ற இரண்டு அடிமைகளையும் கூட்டிப்போனார்கள். கிங் அங்கே தப்பித்துப் போய்விட்டார். அதே பிராங்க்ளின் 1787ல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில், சாவதற்கு இரண்டு மாதம் முன்பு, அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனுவில் கையெழுத்திட்டார். மனுவை நாடாளுமன்றம் ஏற்கவில்லை.

வில்லியம் 1763ல் நியூ ஜெர்சியின் ஆளுநரானார், பிரிட்டிஷ் அரசர் நியமித்த பதவி. புரட்சி வந்தபோது அப்பா ஒரு பக்கம், மகன் அரசர் பக்கம். 1776ல் வில்லியம் கைதானார், இரண்டு வருஷத்துக்கு மேல் சிறைவாசம். அவர் மனைவி எலிசபெத் 1777ல் இறந்தபோதுகூட வெளியே விடவில்லை. அப்பா தலையிடவில்லை. 1785ல் பிரான்ஸில் இருந்து ஊர் திரும்பும் வழியில் இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் துறைமுகத்தில் நான்கு நாள் தங்கினார் பிராங்க்ளின். வில்லியம் வந்து பார்த்தார். அப்பா மகனிடம் பழைய கடனைக் கணக்குப் பார்த்து, நிலங்களை எழுதி வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார். அதுக்கப்புறம் அவர்கள் சந்திக்கவே இல்லை.

1790 ஏப்ரல் 17 அன்று 84 வயதில் பிராங்க்ளின் இறந்தார். உயிலில் வில்லியமுக்கு நோவா ஸ்கோஷியாவில் கொஞ்சம் நிலம், ஏற்கெனவே அவரிடம் இருந்த புத்தகங்கள், காகிதங்கள், தள்ளுபடி செய்த கடன்கள். போரில் தனக்கு எதிராக நின்றதுதான் காரணம் என்று உயிலிலேயே எழுதிவைத்திருந்தார்.